மலைநாட்டு வீட்டுத்தோட்டத்தில் கலப்பின பெரி: ஸ்ட்ரோபெரி முதல் போய்சன்பெரி வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் காணித்துண்டு மொத்தமே பத்தடிக்கு இருபதடிதான். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம். முன்பு கோவா, லீக்ஸ், கரட் என்று மாறி மாறிப் போட்டுவந்த இடம். ஆறு வருடங்களாக அதில் பாதியைப் பெரிச் செடிகளுக்கு விட்டிருக்கிறேன். தொடங்கும்போது எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பேசினார்கள்: குளிர் போதுமா, பனி கொட்டினால் தாங்குமா என்று. இத்தனை நாள் வளர்த்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, இங்கே பழத்தைக் கெடுப்பது மழைதான். பழுக்கும் நேரத்தை மழை விட்ட நாட்களில் வந்து விழும்படி நாம் அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான் வரும்.

கலப்பினம் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கடையில் விற்கும் பெரிய ஸ்ட்ரோபெரி காட்டில் தானாக வந்த பழம் இல்லை. 1714இல் பிரெஸியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகள் சிலவற்றைக் கப்பலில் கொண்டுபோனார். அவை பெண் செடிகள், மகரந்தம் கிடையாது. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஸ்ட்ரோபெரியின் பக்கத்தில் அவற்றை வைத்தபோது இரண்டும் கலந்தன. இன்று உலகம் முழுவதும் தோட்டங்களில் இருப்பது அந்தக் கலப்பின் வழிவந்ததுதான்.

ராஸ்பெரி, பிளாக்பெரி போன்ற கொடிவகையிலும் இதே கதை. 1881 அளவில் கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் ஜேம்ஸ் லோகன் என்ற நீதிபதியின் தோட்டத்தில் பிளாக்பெரியும் ராஸ்பெரியும் அடுத்தடுத்து நின்றன. அவர் எதிர்பார்க்காமல் முளைத்து வந்தது லோகன்பெரி. ருடொல்ஃப் போய்சன் உருவாக்கிப் பிறகு கைவிட்ட செடிகளை, புல் மண்டிய நிலத்தில் தேடிக் கண்டெடுத்துப் பிழைக்கவைத்து 1930களில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் வால்டர் நொட் என்ற விவசாயி. அதுதான் போய்சன்பெரி. ஸ்கொட்லாந்தின் டே நதியின் பெயரைக் கொண்ட டேபெரி வெளிவந்தது 1979இல்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கலப்பினச் செடியின் விதையைப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. பழத்தின் மேலிருக்கும் விதையைச் சுரண்டி முளைக்கவைத்து, ஒரு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் சுண்டுவிரல் நகமளவு பழம் கண்டவர்களை எனக்குத் தெரியும். விதைப் பக்கெட் வாங்காதீர்கள். ஓடுகொடியில் வந்த கன்று, பதியம் போட்ட கன்று, இல்லாவிட்டால் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய இழைய வளர்ப்புக் கன்று. இந்த மூன்றில் ஒன்றுதான்.

உங்கள் உயரத்துக்கு எது பொருந்தும்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, நானுஓயா போன்ற மேட்டுப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு எல்லாமே முயற்சி செய்யத் தக்கவை. நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாலாயிரம் அடியை ஒட்டிய ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் ஸ்ட்ரோபெரி நன்றாக வரும், கொடிவகைக்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும். மூவாயிரம் அடிக்குக் கீழே இறங்கினால் ஸ்ட்ரோபெரி பூவைக் குறைத்துக்கொண்டு ஓடுகொடியும் இலையுமாகப் போய்விடும். அங்கே இருப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

நம் நாட்டில் வருடம் முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'குறும்பகல் வகை' என்று சொல்லும் ஸ்ட்ரோபெரிகள் அங்கே பகல் குறுகும் இலையுதிர்காலத்துக்காகக் காத்திருந்து மொட்டு வைக்கும். நம் மலையில் இரவு குளிர்ந்தால் போதும், எந்த மாதத்திலும் மொட்டு வைக்கும். அதனால் பருவத்தைத் தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது.

தொடங்குபவர்கள் ஸ்ட்ரோபெரியில் தொடங்குங்கள். ஒரு பருவம் பார்த்துவிட்டுக் கொடிக்குப் போகலாம். புளூபெரி வைக்க ஆசைப்படுபவர்கள், குளிர் குறைவாகத் தேவைப்படும் அமெரிக்கத் தென்பகுதிக் கலப்பினமா என்று கேட்டு வாங்குங்கள். அதன் மண் கணக்கு வேறு, கீழே சொல்கிறேன்.

கன்று வாங்கும்போது

ஸ்ட்ரோபெரிக் கன்று நுவரெலியாப் பக்கத்துத் தவறணைகளில் (கன்று வளர்க்கும் இடங்களில்) கிடைக்கும். நடுவில் குருத்து பச்சையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். பையைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளை வேர் இருந்தால் எடுங்கள், கறுப்பாகி நூல் நூலாக வந்தால் வேண்டாம்.

கொடிவகையில் பெயர்களை அப்படியே நம்ப முடியாது. பிளாக்பெரி, ராஸ்பெரி, இரண்டின் கலப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்பார்கள். தாய்ச்செடியில் பழம் இருந்தால் ஒன்றைப் பறித்துப் பாருங்கள். வெள்ளைத் தண்டு செடியிலேயே நின்று, பழம் தொப்பி போல உள்ளே குழியாகக் கையோடு வந்தால் அது ராஸ்பெரி. தண்டும் பழத்தோடு சேர்ந்து வந்தால் பிளாக்பெரி, அல்லது லோகன், போய்சன், டேபெரி மாதிரி ஒரு கலப்பு. கறுப்பாக மினுங்கினால் பிளாக்பெரி. நன்றாகப் பழுத்தும் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் நீண்டு, மேலே மங்கலாகத் தெரிந்தால் அது கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்களிடம் குச்சி கொண்டுவரச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி எடுத்து, தாவரத் தடுப்புக்காப்பு வழியாகத்தான் செடி நாட்டுக்குள் வரலாம். ஒரு குச்சியில் வரும் நோய் மரக்கறித் தோட்டங்களுக்கும் போய்ச்சேரும்.

மண்: இங்கேதான் பலர் தோற்கிறார்கள்

முதல் கேள்வி, அந்த இடத்தில் முன்பு என்ன போட்டீர்கள்? உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் போட்ட பாத்தியில் பெரி வைக்காதீர்கள். அந்தக் குடும்பத்தைத் தாக்கும் வாடல் பூஞ்சணம் மண்ணில் பல வருடம் உயிரோடு இருந்து, ஸ்ட்ரோபெரியையும் கொடிவகையையும் பிடிக்கும். நான் இரண்டாம் வருடம் கிழங்கு தோண்டிய பாத்தியில் முப்பது கன்று வைத்தேன். மண் பொலபொலவென்று இருந்தது, எரு போட்ட இடம், ஆசை. மூன்றாம் மாதம் வெளி இலைகள் ஓரம் காய்ந்து படுத்தன, நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். முப்பதில் நான்குதான் மிஞ்சின. வெளி இலை முதலில் வாடி, நடு இலை பச்சையாக நின்றால் இந்த நோயைச் சந்தேகியுங்கள். வேறு இடம் இல்லாதவர்கள் உரப்பையிலோ வாளியிலோ புது மண் நிரப்பி நடுங்கள்.

அடுத்தது புளிப்பு. தேயிலைக்குப் பிடித்த மண் அமிலத்தன்மை கூடியது, பிஎச் 4.5 முதல் 5.5 வரை. ஸ்ட்ரோபெரிக்கும் கொடிவகைக்கும் 5.5 முதல் 6.5 வரை வேண்டும். அதனால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பைப் போட்டுக் கொத்திவிட வேண்டும். சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தொடங்கலாம். மண்ணைப் பரிசோதித்துக்கொண்டு போடுவதுதான் சரி, பக்கத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார். புளூபெரிக்கு மட்டும் டொலமைட்டோ அடுப்புச் சாம்பலோ கிட்டவே கொண்டுபோகாதீர்கள். தேயிலை நிற்கும் அதே புளிப்பு மண்தான் அதற்கு வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் மலை அதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது.

மாட்டெரு நன்றாக மக்கி, மண் வாசம் வந்த பிறகே போடுங்கள். பச்சைச் சாணத்தோடு வெள்ளைப் புழுவும் வரும். அது அடியிலிருந்து வேரைத் தின்னும், செடியை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரு அடி உயரத்தில், மூன்றடி அகலத்தில் எடுங்கள். மேல்பக்கம் ஒரு கான் (வடிகால்) வெட்டி மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டிய கை இருக்கிற வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஸ்ட்ரோபெரி நடுதல்

மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் பெருமழை தணியும் செப்டெம்பர், ஒக்டோபரில் நடுங்கள். பழம் டிசம்பர் கடைசியில் தொடங்கி, ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் நாட்களில் நன்றாக வரும். ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளையில் கணக்கு தலைகீழ். அங்கே மாரி மழை வருட இறுதியில் கொட்டும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழையில்லாத காலம். அவர்கள் பெப்ரவரி, மார்ச்சில் நடலாம்.

நடுகிற முறையில் ஒரே ஒரு இடம்தான் கவனம். ஸ்ட்ரோபெரிக்கு வேருக்கும் இலைக்கும் நடுவில் கட்டையாக ஒரு குட்டைத் தண்டு இருக்கும். இலை, பூ எல்லாம் கிளம்புவது அதன் உச்சியில் இருக்கும் கண்ணிலிருந்து. அந்தத் தண்டின் பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. கண் எப்போதும் வெளியே. முதல் வருடம் நான் செடி அசையாமல் நிற்கட்டும் என்று கழுத்து வரை மண் அணைத்துக்கொண்டிருந்தேன். தவறணையில் இருபது வருடம் வேலை செய்த பக்கத்துக் காம்பறாப் பெரியம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணு மண்ணுக்குள்ள போனா தேயிலைத் துண்டே வராது. இது எப்படிப்பா வரும்?" என்றார். சரி பெரியம்மா என்று தலையாட்டினேனே தவிர, நட்டதைத் தோண்டவில்லை. ஒரு வாரம் விடாமல் மழை. குருத்தைத் தொட்டால் பழுப்பாக வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. மேலே தூக்கி நட்டாலும் வேர் காய்ந்துவிடும். நட்டு முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மண் அமர்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணையும் குனிந்து பாருங்கள். மண் மூடியிருந்தால் விரலால் வழித்துவிடுங்கள்.

செடிக்குச் செடி ஒரு அடி. முதல் ஆறு வாரம் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் வேர் பிடிக்காத செடி நாலு பழத்தோடு களைத்துப்போகும். ஓடுகொடியையும் அப்போதைக்கப்போது வெட்டுங்கள். பிறகு மண்ணை மூட மானாப்புல்லை வெட்டிக் காயவைத்துப் பரப்புங்கள். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிப்பதுதான் பழத்தில் அழுகல் ஏறும் வழிகளில் ஒன்று. புல் மேல் கிடக்கும் பழம் சுத்தமாக இருக்கும்.

மழைக்கூரை

நாலு அடிக்கு ஒரு மூங்கில் பட்டையை வில்லாக வளைத்து, பாத்தியின் இரண்டு பக்கமும் குத்தி, மேலே வெயில் தாங்கும் தெளிந்த பொலித்தீனைக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் கீழே ஒன்றரை அடி திறந்திருக்கட்டும். முழுக்க மூடினால் உள்ளே வியர்த்து, மழையில் நனைந்ததைவிட மோசமாக அழுகும். இன்னொரு காரணம் தேனீ. ஸ்ட்ரோபெரியின் மேலிருக்கும் ஒவ்வொரு விதைக்கும் மகரந்தம் சேர வேண்டும். சேராத பக்கம் சதை வளராமல் பழம் கோணலாக, ஒரு பக்கம் சப்பையாக வரும். கோணல் பழம் நிறைய வந்தால் மருந்து தேடாதீர்கள், கூரையின் பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூக்கும் இடங்களில், மாலையில் இதே பொலித்தீனை இரு பக்கமும் இறக்கிவிட்டு காலையில் தூக்குங்கள். காலையில் பூவின் மஞ்சள் நடுப்பகுதி கறுத்திருந்தால் அந்தப் பூ பனியில் செத்தது, பழமாகாது. இதழ் வெள்ளையாகவே இருப்பதால் ஏமாந்துபோவோம். செடிக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த பூ வரும்.

கொடிவகை: கம்பி, கம்பு, கணக்கு

போய்சன், லோகன், டேபெரி மூன்றும் தானாக நிமிர்ந்து நிற்காமல் எட்டு, பத்து அடி நீளத்துக்குப் படர்பவை. ஆறடிக் கம்பங்கள் நட்டு, மூன்றடியிலும் ஐந்தடியிலும் கல்வனைஸ் கம்பி இழுங்கள். செடிக்குச் செடி எட்டடி. சின்னக் காணிக்கு ஒரு செடி, அதிகம் போனால் இரண்டு போதும். என்னிடம் இருப்பது இரண்டுதான்.

இவற்றின் இயல்பு இதுதான்: இந்த வருடம் வரும் தண்டு வெறுமனே வளரும். அதே தண்டு அடுத்த பருவத்தில் பக்கக் கிளை விட்டுப் பூத்துக் காய்த்து, அத்தோடு செத்துவிடும். அதற்குள் அடியிலிருந்து புதுத்தண்டுகள் கிளம்பியிருக்கும். பழையதையும் புதியதையும் கலந்து கட்டினால் வெட்டும்போது எது எதுவென்று தெரியாது. அதனால் காய்க்கும் தண்டை வலப்பக்கக் கம்பியில், புதுத்தண்டை இடப்பக்கத்தில் கட்டுங்கள். பழம் முடிந்ததும் வலப்பக்கம் முழுவதையும் தரையோடு வெட்டி எடுத்துவிடலாம். கவ்வாத்துக் கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும், நைந்த வெட்டில் நோய் ஏறும். ஒரு செடிக்கு ஐந்தாறு தண்டு போதும்.

குளிர்நாட்டில் மாரிகாலம் வந்து இலை உதிர்ந்து, செடி தூங்கி எழுந்து பூக்கும். நமக்கு அந்தத் தூக்கம் கிடையாது. இலை பச்சையாகவே நின்று, கண்கள் சோம்பி, அங்கொன்று இங்கொன்றாகப் பூக்கும். மெக்சிகோவில் பிளாக்பெரி வளர்ப்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: வளர்ந்த தண்டின் இலையை உதிர்த்து, நுனியை வெட்டி, செடியை ஒரே நேரத்தில் எழுப்புவது. அவர்கள் அதற்கு மருந்து அடிக்கிறார்கள். நமக்கு இரண்டு செடிக்குக் கை போதும். தண்டு எட்டு மாதமாவது வளர்ந்து, அடிப்பகுதி பழுப்பாக முற்றியிருக்க வேண்டும். இரண்டு வாரம் தண்ணீரைக் குறையுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு இலைகளைக் காம்போடு கிள்ளுங்கள். கீழ்நோக்கி உருவாதீர்கள், கண் உரிந்துவிடும். நுனியில் ஒன்றரை அடியை வெட்டிவிட்டு, மக்கிய எருவைப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று, நாலு வாரத்தில் கண்கள் வெடிக்கும்.

மேற்குச் சரிவில் இதை நவம்பர் கடைசியில் செய்தால், பழம் பெப்ரவரி, மார்ச்சில் விழும். ஊவாவில் ஏப்ரல் கடைசியில் செய்தால் ஜூலை, ஓகஸ்ட். அந்த மாதங்களில் ஊவாக் காற்று கொடியை அடித்து முறிக்கும், காற்று வரும் பக்கத்தில் ஒரு மறைப்பு வேண்டும். எனக்கு இலை கிள்ளாத வருடம் கிடைத்தது ஒரு கோப்பைப் பழம். கிள்ளிய வருடம் வாரா வாரம் ஒரு சட்டி.

நோய், நத்தை, குருவி

சாம்பல் பூஞ்சணம்தான் நம் மலையின் முதல் எதிரி. பழத்தில் பழுப்புப் புள்ளி, மறுநாள் மிருதுவாகி, அதற்கடுத்த நாள் சாம்பல் நிறப் பஞ்சு. ஒன்றைக் கண்டதும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, தள்ளிக் கொண்டுபோய்ப் புதையுங்கள். பாத்தியோரம் வீசினால் காற்றில் திரும்பி வரும். காய்ந்த இலை, பழைய பூ எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கிள்ளி எடுங்கள். மருந்தைவிட இது பெரிய வேலை செய்கிறது.

நத்தைக்கு இரவில் டோர்ச் அடித்துக் கையால் பொறுக்குவதுதான். குருவிக்குச் சின்னக் கண் வலை போடுங்கள், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால் குருவி சிக்காது. கொண்டைக்குருவி நமக்கு ஒரு நாள் முந்திப் பழத்தை அறியும்.

ரோட்டோரத்திலும் மலையோரத்திலும் மஞ்சளாகக் காய்க்கும் காட்டு முள்ளுப்பழப் புதர்களும் கொடிவகையின் இனம்தான். அவை வேலிக்குப் பக்கத்தில் இருந்தால் வெட்டிவிடுங்கள், நோய் அங்கிருந்து தாவும். அவை வெளியிலிருந்து வந்து நம் காடுகளில் பரவி நிற்பவை. நம் கொடியும் அப்படிக் காட்டுக்குள் போகக்கூடாது. நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும் செடி இது. வெட்டிய தண்டைக் கானில் எறியாமல் காயவைத்து எரியுங்கள்.

கன்று பெருக்குதல்

ஸ்ட்ரோபெரிக்கு, நோயில்லாத செடியின் ஓடுகொடியில் வரும் முதல் இரண்டு கன்றுகளை மண் நிரப்பிய சின்னப் பைமேல் ஒரு கம்பியால் பொருத்திவிடுங்கள். நாலைந்து வாரத்தில் வேர் பிடித்ததும் கொடியை வெட்டலாம். பாத்தியை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், பழம் சிறுத்துப்போகும்.

கொடிவகையின் நுனியை நாலு அங்குல ஆழத்தில் புதைத்துக் கல் வைத்தால் அதுவே கன்று. நிறையக் கன்று வேண்டுமென்றால், வீ.பி. தேயிலை (தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் தேயிலை) போடுவது போல ஒரு இலை, ஒரு கண், கொஞ்சம் தண்டு என்று துண்டாக வெட்டி, மணலும் தும்புத்தூளும் கலந்த பையில் நட்டு, நிழலில் பொலித்தீன் மூடி வைக்கலாம். ஒரே வித்தியாசம், தேயிலையில் கண் மண்ணுக்கு மேலே, இதில் கண் அரை அங்குலம் மண்ணுக்குள். இதைச் சொன்னபோது பெரியம்மா முதலில் நம்பவில்லை. அப்புறம் அவரே இருபது பை போட்டு, பதினான்கு பிழைத்தது.

முள்ளில்லாத வகை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய வகைகளில் முள்ளில்லாத தன்மை தண்டின் வெளித்தோலில் மட்டும்தான் இருக்கும். வேரை வெட்டி நட்டாலோ, வேரிலிருந்து கிளம்பிய கன்றை எடுத்தாலோ முள்ளோடுதான் வரும். நுனிப் பதியம் போட்டால் முள்ளில்லாமலே வரும்.

பறித்தல்

ஸ்ட்ரோபெரி காம்புப் பக்கம் வரை சிவந்த பிறகு, காலையில் பனி காய்ந்ததும், காம்பை நகத்தால் கிள்ளி எடுங்கள். பறித்த பின் அது இனிக்காது. போய்சன்பெரி சிவப்பாக இருக்கும்போது நாக்கைக் கூசவைக்கும். கருஞ்சிவப்பாகி, தொட்டதும் கையில் விழும் நாள்வரை விடுங்கள். அந்தப் பழம் கடைக்குப் போகாது, ஒரு நாள் தாங்காது, சாறு கசிந்துவிடும். அதனால்தான் அதை வீட்டில் வளர்க்க வேண்டும் என்கிறேன். மிஞ்சினால் ஜாம்: ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ சீனி, பாதித் தேசிக்காய்ச் சாறு, தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்கும்வரை காய்ச்சுங்கள். எங்கள் வீட்டில் அது ரொட்டிக்கு முன்பே முடிந்துவிடுகிறது.